அம்மா கூப்பிட்ட பேரு

செங்கோட்டைக்கு மேக்க, மலையடிவாரத்துல ஒரு சின்ன ஆசிரமம். அங்க குரு சௌந்தரம்மா. மூத்த சிஷ்யை தவமணி. அவளுக்கு வயசு நாப்பத்தெட்டு, வாய்க்கு மட்டும் பதினெட்டு.

அங்க ஒரு வழக்கம். விடிஞ்சதும் எல்லாரும் உக்காந்தா, அம்மா மூத்த சிஷ்யைய பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. முதல் கேள்விய அவதான் கேக்கணும். இருபத்திரண்டு வருஷமா அந்தக் கேள்வி தவமணிக்குத்தான்.

ரெண்டு வருஷமா அம்மாவுக்கு மறதி. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள, "இன்னும் சோறு போடலையா?"ம்பாங்க. குளிக்கக் கூப்பிட்டா அடிக்க வருவாங்க.

"அம்மா பற்றை அறுத்துட்டாங்க"ன்னு வந்து போறவங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"பற்றை அறுத்தவங்க ரவிக்கைக்குள்ள காலை நுழைக்க மாட்டாங்க," தவமணி சொன்னா. "இது மூளையில வர்ற நோய். அல்சைமர்னு பேரு. கும்பிட்டது போதும், கிளம்புங்க."

இதெல்லாம் தாங்குனவளால ஒண்ண மட்டும் தாங்க முடியல. மூணு மாசம் முன்னாடி பவித்ரான்னு ஒரு பொண்ணு வந்து சேந்தா. ஒரு நாள் விடியல்ல அம்மா அவளப் பாத்து, "தவமணி, கேளும்மா"ன்னாங்க.

"அம்மா, அது பவித்ரா. தவமணி நான்."

அம்மா பயந்து பவித்ரா பக்கம் ஒதுங்குனாங்க. "இவங்க யாரு? ஏன் அதட்டுறாங்க?"

மறுநாளும் அதே கூப்பாடு. தவமணி மறுபடியும் திருத்துனா. அம்மா மறுபடியும் பயந்து ஒதுங்குனாங்க.

"திருத்தாதீங்க," தென்காசி டாக்டர் சொன்னாரு. "நீங்க சொன்னது மறந்துரும். பயந்தது மட்டும் உள்ள நிக்கும்."

"அப்ப நான் பவித்ரான்னு பேர மாத்திக்கவா?"

டாக்டர் மாத்திரைச் சீட்டு எழுத ஆரம்பிச்சாரு.

ஆசிரமத்துக்குத் திரும்புனதும் தவமணி பவித்ராவ மடக்குனா. "என் பேரக் கூப்பிட்டா நீ ஏன்டி திரும்புற?"

"திரும்பலைன்னா அழுவுறாங்கக்கா."

அழட்டுமேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா.

ஒரு நாள் மத்தியானம் பவித்ரா அம்மாவுக்கு உள்ளங்கால்ல எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்தா. அம்மா அவ தலையக் கோதி விட்டாங்க. "என் தவமணி, என் தங்கம்"னாங்க. இருபத்திரண்டு வருஷத்துல தவமணி காதால கேக்காத வார்த்தை அது. அவ நேரா உள்ள போயி நாலு சேலைய பையில திணிச்சா. இனி இந்த வாசப்படி மிதிக்கிறதில்ல.

வெளிய வந்தப்ப பவித்ரா துணி துவைக்கப் போயிருந்தா. அம்மா தனியா இருந்தாங்க.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊரு?"

"பக்கத்துலதான்." அன்னிக்குத்தான் மொத தடவையா அவ திருத்தல. பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா. "உங்க காலப் புடிச்சுக்கிட்டிருந்துச்சே ஒரு பொண்ணு, அது பேரு என்ன?"

அம்மா நெத்தியச் சுருக்கி யோசிச்சாங்க. "தெரியலையே."

"தவமணின்னு கூப்பிட்டீங்க."

"அது தவமணி இல்ல." அம்மா குரலத் தாழ்த்திக்கிட்டாங்க. "நல்ல புள்ளதான். ஆனா எதுத்து ஒரு வார்த்தை பேசத் தெரியல. தவமணின்னா இந்நேரம் எங்கூட ரெண்டு சண்டை முடிச்சிருப்பா."

"அது தெரிஞ்சும் அந்தப் பேரு ஏன்? கண்டவளுக்கெல்லாம் அவ பேர வைப்பீங்களா?"

அம்மா தவமணி முந்தானை நுனிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க.

"கண்ணு முழிச்சா எந்த எடம்னு புரியல. யாரு முகமும் புடிபடல. பயமா இருக்கு. பயந்தா யாரையாச்சும் கூப்பிடணும்ல? வேற பேரு இல்லம்மா எங்கிட்ட."