சிறகடித்துத் தேர்ந்த வழி

மருதமரத்தடி கெட்டுப்போனது. புலி வந்து கெடுக்கவில்லை. தீப்பிடித்தும் கெடவில்லை. பேச்சுதான் கெடுத்தது.

அந்த மரம் காட்டின் நடுவே, ஒரு குட்டையின் கரையில் நின்றது. காலையில் தண்ணீர் குடிக்க வருபவர்கள் அதன் அடியில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். தெரியாதவர் கேட்பார். தெரிந்தவர் சொல்வார். கலைந்துவிடுவார்கள். அவ்வளவுதான் அங்கே வழக்கம்.

"கிழக்கே புல் இருக்கா?" என்று முயல் கேட்கும்.

"இல்லை. தெற்கே போ," என்று கரடி சொல்லும்.

முயல் தெற்கே போகும். புல் இருக்கும்.

எந்தக் கிழங்கு கசக்கும், எந்தப் பழம் வயிற்றைக் கலக்கும் என்பது கரடிக்குத் தெரியும். எந்த மடுவில் எவ்வளவு தண்ணீர் என்பது ஆமைக்குத் தெரியும். எந்தப் பாதையில் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்பது ஆள்காட்டிக் குருவிக்குத் தெரியும். அது வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவை. அக்கம்பக்கத்தில் நடமாடும் ஒவ்வொரு காலடியையும் பார்த்துவைத்தால்தான் அதன் குஞ்சு பிழைக்கும். அதனால் அது சொன்னால் சரியாக இருக்கும்.

இதெல்லாம் மயிலுக்குப் போதவில்லை. மேல்கிளையில் தூங்குவதால் மரமே தன்னுடையது என்று அதற்கு நினைப்பு.

"என்ன இது! பத்துப் பேர் வர்றீங்க, பத்து வார்த்தை பேசறீங்க, போயிடறீங்க! கூட்டம் வேணாமா? கலகலப்பு வேணாமா?" என்றது.

ஒரு ஏற்பாடும் செய்தது. யார் பேசினாலும், பிடித்திருந்தால் மற்றவர்கள் சிறகடிக்க வேண்டும். எந்தப் பேச்சுக்குச் சிறகடி அதிகமோ அதுதான் அன்றைய பதில். சொன்னவருக்கு அன்று முழுக்க மேல்கிளையில், மயிலுக்குப் பக்கத்தில் இடம்.

"எங்களுக்குச் சிறகில்லையே?" என்றது ஆமை.

"அதனால என்ன மாமா? நீங்க கேட்டுக்குங்க!"

இப்படித்தான் ஆரம்பித்தது. காட்டில் நடப்பவர்களுக்குத்தான் வழி வேண்டும். எது வழி என்று முடிவு செய்வதோ பறப்பவர்கள். இந்தக் கோளாறு அன்றைக்கு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கூட்டம் சேர்ந்தது. மைனாக்கள் வந்தன. கிளிகள் வந்தன. தவிட்டுக்குருவிகள் கும்பல் கும்பலாக வந்தன. முதலில் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்!"

"நான் நேத்தே நினைச்சேன்!"

"நீ நினைச்சதை நான் போன வாரமே நினைச்சேன்!"

ஒரு மந்தியும் வந்து நடுக்கிளையில் உட்கார்ந்தது. அதற்குச் சிறகு கிடையாது. வாய் இருந்தது.

ஒரு நாள் ஆள்காட்டி வந்து சொன்னது: "ஆற்றுப் பாதையில சிறுத்தை படுத்திருக்கு. போகாதீங்க."

ஒரு சிறகுகூட அசையவில்லை. கெட்ட செய்திக்கு யார் சிறகடிப்பார்கள்?

"சிறுத்தைன்னு எப்படிச் சொல்றே? புள்ளியை எண்ணினியா?" என்று கேட்டது மந்தி.

"எண்ணலை."

"எண்ணாமலே சொல்றா! கேட்டுக்குங்கப்பா!"

உடனே ஒரு மைனா துள்ளிக்கொண்டு வந்தது. "ஆற்றுப் பாதை அருமையா இருக்கு! வழியெல்லாம் பூ!" அதற்கு நாற்பது பேர் சிறகடித்தார்கள். மைனா மேல்கிளைக்குப் போனது.

மறுநாள் புதிதாக வந்த ஒருவன் ஆற்றுப் பாதையில் போகலாமா என்று கேட்டான். ஆள்காட்டி அதே பதிலைச் சொன்னது. மந்தி அதே புள்ளியைக் கேட்டது. ஒன்பது நாள் இப்படி நடந்தது. பத்தாம் நாள் ஆள்காட்டி வரவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்துக் கரடி போனது. கிழங்கு கசக்கும் என்று அது சொன்னதற்கு, நாக்கில்தான் கோளாறு என்றார்கள். ஆமை போகவில்லை. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அதுவும் போனதற்குச் சமம்தான்.

"பாருங்க, எவ்வளவு கூட்டம்!" என்று மயில் தோகையை விரித்தது. உண்மைதான். உட்காரக் கிளை இல்லை. உருப்படியாக ஒரு பதிலும் இல்லை.

கோடை வந்தது. குட்டை வற்றிச் சேறானது. சிறகுள்ளவர்கள் ஆற்றுக்குப் பறந்து போய்க் குடித்துவிட்டு, பேசுவதற்கு மரத்துக்குத் திரும்பி வந்தார்கள். நடப்பவர்கள் நாக்கு வறண்டு நின்றார்கள்.

ஒரு காலை, புள்ளிமான் ஒருத்தி தன் குட்டியோடு வந்தாள். குட்டிக்கு முன்னங்காலில் அடி. மெல்ல நடக்கும், ஓடாது. இரண்டு நாளாகச் சேற்றை நக்கித்தான் உயிர் பிழைத்திருந்தது.

"ஐயா, ஆற்றுக்கு ரெண்டு வழி இருக்கு," என்றாள் மான். "மூங்கில் சரிவு ஒண்ணு, கல்லோடை ஒண்ணு. செந்நாய் எதுல இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். என் குட்டியால ஓட முடியாது. தப்பான வழியில போயிட்டாத் திரும்பி வர முடியாது."

"மூங்கில் சரிவு!" என்று கத்தியது மைனா. "நல்ல நிழல்! மெத்தை மாதிரிச் சருகு!"

"என் சித்தப்பா போன வருஷம் அதுக்கு மேலாப் பறந்தார். ஒண்ணுமே இல்லைன்னார்!" என்றது ஒரு தவிட்டுக்குருவி.

"செந்நாய் அங்கே இருக்குன்னு யாரோ சொன்னாங்களே?" என்று ஒரு கிளி இழுத்தது.

மந்திக்கு இது போதும். "செந்நாய்க்கு வால் நுனி என்ன நிறம்? முதல்ல அதைச் சொல்லு!"

"சிவப்பு!"

"கறுப்பு!"

"உங்க அப்பனுக்குத்தான் கறுப்பு!"

வெயில் ஏறியது. வால் முடிந்தபாடில்லை.

"வால் எப்படியும் இருக்கட்டும் ஐயா. வழியைச் சொல்லுங்க," என்றாள் மான்.

"குறுக்கே பேசாதேம்மா! முக்கியமான விஷயம் போய்க்கிட்டிருக்கு!" என்றது மந்தி.

கடைசியில் மயில் கழுத்தை நீட்டியது. "மூங்கில் சரிவுக்கு யார் யார்?" மரமே அதிர்ந்தது. இலை உதிர்ந்தது. "கல்லோடைக்கு?" ஒரு புறா மட்டும் சிறகை உதறியது. அதுவும் தூசி தட்டத்தான்.

"முடிஞ்சது! மூங்கில் சரிவுதான்!"

"யார் போய்ப் பார்த்தது?"

குரல் கீழிருந்து வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சேற்றில் கிடந்த காட்டுப்பன்றி எழுந்து நின்றாள். நாற்றமடிக்கிறது என்று மயில் அவளைத் தள்ளியே இருக்கச் சொல்லியிருந்தது. அவளும் இருந்தாள்.

"என்ன கேட்டே?" என்றது மயில்.

"அந்தச் சரிவுல இந்த வாரம் நடந்தது யாரு? நடந்தவங்க சொல்லுங்க."

மேலே எல்லோரும் அலகால் இறகைக் கோத ஆரம்பித்தார்கள்.

"அறுபது பேர் சிறகடிச்சீங்களே! ஒரு காலாவது மண்ணுல பட்டதா?"

"சிறகில்லாதவளுக்குப் பொறாமை!" என்றது மைனா. சிரிப்பு. அதற்கும் சிறகடித்தார்கள்.

பன்றி மேலே பார்க்கவில்லை. மானிடம் திரும்பினாள். "தங்கச்சி, உச்சி வெயில் வரைக்கும் பொறுத்துக்கோ. தெரிஞ்சவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். நான் வராம நகராதே."

பன்றி தேடிப் போனபோது, பொட்டல் வெளியில், நாலு முட்டைக்குப் பக்கத்தில் ஆள்காட்டி நின்றிருந்தது.

"மூங்கில் சரிவா?" என்றது. "ஏழு செந்நாய். குட்டி போட்டிருக்கு. இந்த மாசம் முழுக்க நகராதுங்க. கல்லோடைதான் வழி. கால் சுடும், ஆனா உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"வந்து சொல்லு."

"வர மாட்டேன்."

"திட்டினாங்கன்னு கோபமா?"

"திட்டுக்கெல்லாம் நான் போகலை அக்கா. பார்த்துட்டு வந்து சொல்றவளுக்கும், பார்க்காம உளர்றவனுக்கும் அங்கே ஒரே மரியாதை. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்? எதுக்குச் சொல்லணும்?"

பன்றிக்குச் சமாதானம் பேச வராது. "சரி. இனி உளர்றவன் அங்கே இருக்க மாட்டான். அது என் பொறுப்பு. அந்தக் குட்டிக்காக இன்னைக்கு வா," என்றாள்.

ஆள்காட்டி தன் துணையைப் பார்த்தது. துணை வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. கிளம்பினார்கள்.

மரத்தடியில் மானைக் காணோம்.

"போயிட்டா!" என்றது மந்தி. "குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுச்சு. பன்றி பேச்சைக் கேட்டுக் குட்டியைச் சாகடிக்கப் போறியான்னு நாங்கதான் சொன்னோம்."

பன்றி சட்டெனத் திரும்பினாள். ஓடினாள். முள்ளைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி முந்திப் பறந்தது.

மான் மூங்கில் சரிவின் வாயில் கால் வைத்திருந்தாள். நிழல் குளுகுளுவென்றிருந்தது. சருகு மெத்தைதான், மைனா பொய் சொல்லவில்லை. குட்டி இரண்டடி முன்னால் நடந்தது. அப்போது தலைக்கு மேலே கிறீச்சென்று ஒரு கத்தல். மான் அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் அவள் கால்களுக்கு அது மறக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

புதருக்குள் ஒரு சீழ்க்கை கேட்டது. இன்னொரு பக்கம் பதில் சீழ்க்கை. இரண்டு செந்நாய்கள் வெளியே வந்தன. குட்டிக்கும் அவற்றுக்கும் நடுவே இருந்தது பத்தடிதான்.

அந்தப் பத்தடியில் பன்றி வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. தலையைத் தாழ்த்தினாள்.

"வழி தவறி வந்துட்டாங்க. திரும்பிப் போறோம். உங்க குட்டி உங்களுக்கு, எங்க குட்டி எங்களுக்கு," என்றாள்.

செந்நாய்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தன. இவளோடு மோதினால் இரண்டில் ஒன்றுக்குக் குடல் சரியும். பின்னால் வளையில் பால் குடிக்கும் குட்டிகள். இரண்டும் உட்கார்ந்துகொண்டன.

மானும் குட்டியும் பின்னோக்கியே நகர்ந்து வெளியே வந்தார்கள். பன்றி கடைசியாக வந்தாள், முகத்தைத் திருப்பாமல்.

கல்லோடை சுட்டது. குட்டி நொண்டியது, அழுதது. ஆனால் மாலைக்குள் ஆறு வந்துவிட்டது. குட்டி மூக்கு முழுக நீரில் வாயை வைத்தது. வயிறு பானையாகும் வரை எடுக்கவில்லை. மான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் தானும் குடிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது.

மறுநாள் காலை பன்றி மருதமரத்தடிக்கு வந்தாள். சேற்றில் படுக்கவில்லை. நடுவில் நின்றாள்.

"இன்னையிலிருந்து இங்கே சிறகடி கிடையாது. பார்த்தவங்க சொல்லணும். தெரியாதவங்க கேக்கணும். சும்மா பேசணுமா, எதிர்க்கரையில அத்திமரம் இருக்கு. போய்ப் பேசுங்க."

"எங்க வாயைக் கட்ட நீ யாரு?" என்று எகிறியது மந்தி.

"வாயைக் கட்டலை. வாயை எடுத்துக்கிட்டு அங்கே போன்னு சொல்றேன்." அடிமரத்தில் தோளால் ஓர் இடி இடித்தாள். மந்தி நழுவிச் சேற்றில் விழுந்தது.

"கூட்டம் குறைஞ்சுடுமே!" என்று மயில் பதறியது.

"குறையட்டும்."

குறைந்தது. மைனாவும் மந்தியும் மற்றவர்களும் அத்திமரத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வால் நுனி கறுப்பா சிவப்பா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாள் தனியாகத் தோகை விரித்துப் பார்த்த மயிலும் மூன்றாம் நாள் அங்கேயே போய்விட்டது.

ஆள்காட்டி தினமும் வந்தது. நாலைந்து நாளில் ஆமை தலையை நீட்டியது. கரடியும் வந்தது. "கிழங்கு கசக்கும்," என்றது. "சரி மாமா," என்றார்கள். கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே நாளோடு தீர்கிற வேலை இல்லை இது. நாளுக்கு ஒரு புது வாயாடி வருவான். நாளுக்கு ஒரு முறை பன்றி, "அத்திமரம் அந்தப் பக்கம்," என்பாள். அவன் முறைப்பான். அவளுக்கு அதனால் தூக்கம் கெட்டதில்லை.

குட்டிக்குக் கால் சரியானதும் மான் வந்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, இத்தனை நாள் இங்கே வந்து போறோம். உன் பேரை நான் கேட்டதே இல்லை."

"யாரும் கேட்டதில்லை," என்றாள் பன்றி. பிறகு சொன்னாள்.

தெரிந்தவர்கள் ஓர் இடத்தில் தங்க வேண்டுமானால், வாயாடிகளை வெளியே அனுப்பப் பொல்லாப்புக்கு அஞ்சாத ஒருவர் தினமும் அங்கே நிற்க வேண்டும். மருதமரத்தடியில் அப்படி நின்றவள் மூக்காயி.