ஒட்டாத ரெண்டு நரம்பு

ஒரு ஊர்ல ஒரு மூளை டாக்டரம்மா இருந்தாங்க, பேரு ரூபவதி. ஊசி போடுற டாக்டர் இல்லடி மிது, பயப்படாம காலை நீட்டு. மூளையை மெல்லிசா சீவி, கண்ணாடித் துண்டுல வச்சு, மைக்ராஸ்கோப்புல பார்த்து வரையிறவங்க. இடது கண்ணு மைக்ராஸ்கோப்புல, வலது கண்ணு பேப்பர்ல. ரெண்டும் தொறந்தே இருக்கும். உன் கண்ணை நீ மூடு. ம் சொல்லு.

“ம்.”

அப்புறம், அவங்களுக்கு எண்பது வயசானப்போ, படத்தையெல்லாம் பெரிய ஹால்ல மாட்டிக் கண்காட்சி வச்சாங்க. நரம்பெல்லாம் முருங்கை மரமாட்டம் கிளை விட்டு நிக்கும். ஒரு படத்துல மட்டும் ரெண்டு நரம்பு கிட்டக்க வந்தும் தொடாது, நடுவுல மயிரிழை இடம். ‘ஒட்டலை, சேதி தாண்டித்தான் போகுது’ன்னு டாக்டரம்மா முப்பது வருஷம் சண்டை போட்டுச் சாதிச்ச இடம் அது.

கண்காட்சி திறக்கிறதுக்கு முந்தின நாள் அங்க ஃபிரேம் போட ஒரு அவசரக்குடுக்கை வந்தா. “அடடா, மை அழிஞ்சிருக்கே!”ன்னு பிரஷ்ஷை எடுத்தா. சர்ர்ர்! ஒட்டி வச்சுட்டா.

“ஐயோ அத்தை!”

ஐயோதான். மறுநாள் காலையில டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. “அம்மாடி, என் முப்பது வருஷத்தை மூடிட்டியே!”ன்னாங்க. பத்து மணிக்கு ஜனம் வந்துடும்.

அப்போ அவ ரப்பர் போட்டா. கரக் கரக். போகலை. பிளேடால சுரண்டினா. சுர்க் சுர்க். பேப்பர் கிழியப் பார்த்துச்சு. மூணாவதா ஒண்ணும் தோணாம ஓன்னு அழுதா.

“அழுதது போதும், மைக்ராஸ்கோப்பை எடு. இந்தப் படத்தை வரைஞ்ச பழைய கண்ணாடித் துண்டு இங்கதான் பார்வைக்கு இருக்கு, புதுசா வரைஞ்சிடுவோம்.”

“உங்க கை நடுங்குதேம்மா!”

“நீ எதுக்கு இருக்க? மணிக்கட்டைப் பிடி.”

கண்ணு அவங்களுது, பிடி இவளுது. புதுப் பேப்பர்ல கிறுக் கிறுக்னு பேனா போச்சு. நுனி வந்ததும் “தூக்கு!”ன்னாங்க. இவ மூச்சை அடக்கிக்கிட்டுத் தூக்கினா. இடம் விட்டு அந்தப் பக்கம் வச்சா. கோடு கோணல்தான், ஆனா இடம் இருந்துச்சு.

பத்தடிக்க அஞ்சு நிமிஷம். டக் டக்னு ஆணி அடிச்சு மாட்டியாச்சு. அப்புறம் டாக்டரம்மா படத்துக்குக் கீழ ரெண்டு பேர் எழுதச் சொன்னாங்க.

“யாரு பேரு?”

ஒண்ணு ரூபவதி. இன்னொண்ணு சண்பகவல்லி.

“அது உன் பேராச்சே அத்தை!”

ஆமா, அந்த அவசரக்குடுக்கை நான்தான். சிரிக்காத. அன்னைக்குப் பிடிச்ச கை இதுதான், உன்னைத் தட்டிக்கிட்டு இருக்கே.

“ம்…”

கதை இந்தப் பக்கம் நின்னுடுச்சு, தூக்கம் அந்தப் பக்கம் இருக்கு. மயிரிழை தூரம்தான், தாண்டிக்கோடி தங்கம்.