இடியோபதிக்

பாளையங்கோட்டையில் ரெஜினா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். வழக்கொழிந்த ஆங்கிலச் சொல்லானாலும், மருத்துவத்திலும் சட்டத்திலும் வருகிற கரடுமுரடான சொல்லானாலும், பொருள் கேட்டு அவரிடம்தான் வருவார்கள். மொழிபெயர்ப்புப் பழக அவரிடம் வந்துகொண்டிருந்தவள் செண்பகவல்லி. டீச்சரைவிடக் கொஞ்சம்தான் இளையவள்.

ஒருநாள் காலையில் கண் சிவந்து வந்து நின்றாள்.

"டீச்சர், இடியோபதிக்னா என்ன?"

"யாருக்கு?"

அவள் கணவன் நயினார் பஸ் டிரைவர். போன வாரம் தூங்கி எழுந்தபோது இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, இந்தச் சொல்லையும் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு முந்தின நாள் தலைவலி என்று படுத்தவனுக்கு அந்தக் காதில் எண்ணெயைச் சூடாக்கி விட்டவள் செண்பகவல்லி.

"எண்ணெயாலதான் இப்படி ஆச்சுன்னு எங்க அத்தை சொல்லுதாங்க. டாக்டர் சொன்னதைச் சொன்னா, 'இடியா? நம்ம ஊர்ல இடியே விழலையே'ங்காங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. "அகராதியப் பார்த்தியா?"

"பார்த்துத்தான் குழம்பிட்டேன். கிரேக்கத்துல 'இடியோஸ்'னா தனக்கே உரியது. பழைய ஆங்கிலப் புத்தகங்கள்ல, ஒருத்தர் மனசுக்கு மட்டுமே தெரிஞ்ச உணர்ச்சிக்கும் இதே வேர்ல ஒரு சொல் இருக்கு. அப்புறம், வேற நோயால வராம தனியா வந்த நோய்னு ஒரு அர்த்தம். இப்ப உள்ளவங்க காரணம் தெரியாததுங்காங்க. நான் எதை எடுத்துக்க?"

"தமிழ்ல சொல்லு."

"தான்தோன்றி நோய்."

"தானாத்தான் தோணுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

செண்பகவல்லி யோசித்தாள். "காரணம் அறியா நோய்."

"யார் அறியாதது?"

"டாக்டர்."

"நீ?"

"எனக்கும் தெரியாது. ஆனா டீச்சர், எண்ணெயாலதான்னு சொல்லுதா இந்தச் சொல்லு, இல்லைன்னு சொல்லுதா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, உங்க வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் நயினார் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். வலது காது தலையணையில் புதைந்திருந்தது.

படி ஏறும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "கொதிக்கக் கொதிக்க ஊத்தினா காது என்னத்துக்கு ஆகும்? கேளுங்க டீச்சர்."

"வெதுவெதுப்பாத்தான் விட்டேன் அத்தே. டாக்டரே காரணம் தெரியலங்காரு."

"தெரியலன்னா? நீ இல்லன்னா சொன்னாரு?"

"ஆமான்னும் சொல்லலையே!"

இருவர் குரலும் உயர்ந்தது. கட்டிலில் அசைவே இல்லை.

"பார்த்தீங்களா டீச்சர்," என்றாள் செண்பகவல்லி. "அன்னைக்கிலேருந்து வீட்ல இதே பேச்சுதான். இவரானா எந்நேரமும் தூக்கம்."

"தூங்குறாரா?"

செண்பகவல்லி கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். நயினார் கண் திறந்திருந்தது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க."

அசையவில்லை. தோளைத் தொட்டாள். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவன், அவள் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பேசி முடிச்சாச்சா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இனி வண்டி ஓட்ட விடுவாங்களா செம்பகம்? பின்னால வர்ற ஹாரன் எந்தப் பக்கம்னே எனக்குப் பிடிபட மாட்டேங்குதே," என்றான்.

இதை அவன் இதுவரை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. கேட்க இடம் கிடைத்ததா என்றும் அவளுக்கு நினைவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகவல்லி டீச்சர் பக்கம் திரும்பினாள். "இவருக்கு நான் என்ன சொல்லட்டும் டீச்சர்? அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம் சொல்லுங்களேன்."

டீச்சர் தலையணையில் பதிந்திருந்த குழியைப் பார்த்தார்.

"இடது காது ஏன் கேக்கலைன்னு தெரியலை. சரி. வலது காதை ஏன் மூடிக்கிட்டாரு?"