தோப்புக்காரர் வீட்டு முதல் பால்

"ரெண்டாம் பாலா? என் பேரனுக்கா?"

தோப்புக்காரர் மயில்சாமி கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். "இத்தனை தென்னை வெச்சிருக்கறவன் வீட்டுல பிழிஞ்ச தேங்காய்ச் சக்கையில தண்ணி ஊத்திப் பிழியறயா? நாளைக்குத் தண்ணி சேராத முதல் பால்தான். குழந்தைக்கு வயிறு கெட்டுச்சுன்னா உனக்கு இங்க வேலையில்ல."

சமையல்காரி பொன்னாத்தாளுக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. எட்டு மாதக் குழந்தைக்கு அந்தக் கெட்டிப்பால் செரிக்காது; கொடுத்தாலும் வேலை போகும், கொடுக்காவிட்டாலும் போகும்.

"சரிங்க. குழந்தைக்குப் புதுசா எது ஊட்டினாலும் மொதல்ல ஐயா சாப்பிட்டுக் காட்டறதுதானுங்களே இந்த வீட்டு வழக்கம்?"

"ஆமா. கொண்டா, குடிக்கறேன்."

மறுநாள் காலை குழந்தைக்கு ஒரு கரண்டி முதல் பாலும், அவருக்கு ஒரு பெரிய செம்பு நிறைய அதே பாலும் வந்தன.

"எதுக்குடி இத்தனை?"

"குழந்தை உடம்புக்கு ஒரு கரண்டின்னா, ஐயா உடம்புக்கு ஒரு செம்பாவது வேணுமில்லீங்க? கொறைச்சா ஐயாவையே கொறைச்ச மாதிரி ஆயிடுமுங்க."

கூடத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மயில்சாமி மீசையை ஒதுக்கிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பொன்னாத்தாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஐயாவுக்குச் செரிச்சதும் ஊட்டறனுங்க."

மதியத்துக்குள் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்து அவர் கால் ஓய்ந்துவிட்டது. தாய்ப்பால் குடித்துத் தூங்கி எழுந்த குழந்தை கிண்ணத்தைப் பார்த்துக் கையை நீட்டியது.

"ரெண்டாம் பாலே ஊத்து," என்றார் மயில்சாமி, சுவரைப் பார்த்து.

"சரிங்க," என்றாள் பொன்னாத்தாள். அடுப்படிக்குப் போகிற வழியில், கொல்லைக் கதவோரம் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.