ஐந்து நாழிகையில் ஐந்து காதம்

மருதங்கோட்டையைத் திருமலைக்கொழுந்து மகாராஜா ஆண்ட காலத்தில் அந்த ஊருக்கே நேரம் சொன்னவள் ஒரு பெண்பிள்ளை. ஆவுடைநங்கை என்று பேர். அடியில் ஊசித்துளை போட்ட செப்பு வட்டில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். அது நிரம்பி முழுகினால் ஒரு நாழிகை; பகலும் இரவுமாக அறுபது நாழிகை ஒரு நாள். உடனே, சூரியன் கிளம்பி எத்தனை நாழிகையோ அத்தனை தடவை வெண்கலச் சேகண்டியைத் தட்டுவாள். அவள் தட்டினால்தான் அரண்மனையில் அடுப்பு எரியும், சபை கூடும், மகாராஜாவுக்கே இலை போடுவார்கள்.

ஒருநாள் காலை, சபை நடுவே ஓலைக்காரன் முத்திருளனைக் கை கட்டி இழுத்து வந்து நிறுத்தினார் தளவாய் சூரப்பர். ஊர் ஊராக ஓடி அரசர் ஓலைகளைச் சேர்ப்பவன் முத்திருளன். தளவாயோ சேனைக்கெல்லாம் தலைவர். நடந்தால் தொந்தி முன்னே வரும், அவர் பின்னே வருவார்.

இரண்டு பேருக்கும் பழைய பகை. ஒருமுறை தளவாய் தன் மாமனார் வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி கொடுத்தனுப்பப் பார்த்தார். "இது மகாராஜா ஓலைப் பை. இதுல ஊறுகாய் ஏறாது" என்று முத்திருளன் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து தளவாய்க்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இவன் துரோகி!" என்று முழங்கினார் தளவாய். "இந்த வாரம் மூன்று நாள் நான் சபைக்கு வராமல் எல்லைப்பக்கம் வேவு பார்த்தேன். கரடிப்பாறைச் சாவடியில் இவன் நம் ஓலையை எதிரி ஆள் கையில் கொடுத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

"எப்போது?" என்றார் மகாராஜா.

தளவாய் பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தவர், அதற்கு நாள் குறிக்க மறந்துவிட்டார். "நேற்று! சரியாகச் சூரியன் கிளம்பும் நேரம்!"

"சாமி, கால்ல முள்ளு ஏறி மூணு நாளா வீட்டுல படுத்துக் கிடந்தேன்" என்று அழுதான் முத்திருளன்.

"சாட்சி?" என்றார் மகாராஜா.

"பொஞ்சாதி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கா சாமி. யாருமில்ல."

மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "துரோகத்துக்கு ஓடிய கால் இவனுக்கு வேண்டாம். வெட்டுங்கள்!"

வட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ஆவுடைநங்கை முத்திருளனின் கால்களைப் பார்த்தாள். ஓடிப் பிழைப்பவனுக்குக் கால் போனால் மிச்சம் என்ன? அதோடு நேற்றுக் காலை நடந்தது ஒன்றும் அவள் நினைவில் குறுகுறுத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மகாராஜா, தளவாய் அவர்களிடம் ஒரு சின்னச் சந்தேகம். கரடிப்பாறை இங்கிருந்து ஒரு நாலு காதம் இருக்குமா?"

"நாலா!" என்று சிரித்தார் தளவாய். "எல்லைக்கல் நட்டபோது நானே கயிறு பிடித்து அளந்தேன். ஐந்து காதம். ஒரு முழம் குறையாது."

"அம்மாடி! அவ்வளவு தூரம் எதில் வந்தீர்கள்?"

"வேறு எதில்? பல்லக்கில்தான். என் முழங்கால் வாதத்துக்குக் குதிரை ஆகுமா?"

"நேற்று நீங்கள் திரும்பிவந்து சபைக்குள் நுழைந்தபோது நான் எத்தனை தட்டினேன்? எனக்கு மறந்துபோச்சு."

"ஐந்து! 'ஐந்து நாழிகை ஆயிற்று, இன்னும் பொங்கலைக் காணோம்' என்று நான் சத்தம்கூடப் போட்டேனே!"

சபை முழுக்கத் தலையாட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்காதவர் யார்?

ஆவுடைநங்கை விரலை மடக்கினாள். "தூரம் ஐந்து காதம். சூரியன் கிளம்பியதிலிருந்து நேரம் ஐந்து நாழிகை. தூரத்தை நேரத்தால் வகுத்தால் நாழிகைக்கு ஒரு காதம். மகாராஜா, நம் லாயத்திலேயே வேகமான குதிரை எது?"

"என் மின்னல்கொடிதான். அதிலென்ன?"

"மாசிப் பந்தயத்தில் அதற்கு வட்டில் வைத்து நேரம் பார்த்தவள் நான். ஒரு காதம் ஓட இரண்டு நாழிகை. அதற்கே வாயில் நுரை தள்ளிவிட்டது. நம் தளவாய் அவர்கள் பல்லக்கில் உட்கார்ந்தபடியே அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் வந்திருக்கிறார்!"

சபையில் ஒருவர் களுக்கென்றார். அடுத்தவர் இருமுவதுபோல வாயைப் பொத்தினார்.

"நேற்றில்லை... முந்தாநாள்..." என்று குழறினார் தளவாய்.

"நேற்றுப் பார்த்த கண் வேறு, முந்தாநாள் பார்த்த கண் வேறா?" என்றார் மகாராஜா. அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. "முத்திருளனை அவிழ்த்துவிடுங்கள். சூரப்பா, இப்படியொரு வேகக்காரன் நம்மிடம் இருப்பது தெரியாமல் போயிற்றே! இந்தா ஓலை. கரடிப்பாறைச் சாவடியில் கொடுத்துப் பதில் வாங்கி வா. போக ஐந்து, வர ஐந்து. பத்தே நாழிகை."

தளவாய்க்கு வேர்த்து ஊற்றியது. "உத்தரவு... பல்லக்கை எடுக்கச் சொல்கிறேன்."

"ஐயையோ, பல்லக்கு வேண்டாம் மகாராஜா!" என்றாள் ஆவுடைநங்கை. "பல்லக்குத் தூக்கிகள் பாவம். இவர் வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியாது. நடந்தே போகட்டும்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் வந்து நின்றது. முத்திருளன் அவள் காலில் விழப்போனான். "முள்ளுக்காலை மடக்காதே அண்ணே, எழுந்திரு" என்று தடுத்தாள். அவனுக்கு ஒரு மாத ஓய்வும் பிரசவச் செலவுக்குப் பத்து மூட்டை நெல்லும் கிடைத்தன. அவளுக்கு மகாராஜா தம் கழுத்து முத்துமாலையையே கழற்றிக் கொடுத்தார்.

தளவாய் புறப்பட்டது அன்று பத்தாம் நாழிகை. ஏழாம் நாள் சூரியன் விழும் நேரத்துக்கு இரண்டு காலும் வீங்கி, தொந்தி வற்றி, பதில் ஓலையோடு சபைக்குள் தள்ளாடி வந்து விழுந்தார்.

"நங்கை, எத்தனை நாழிகை?" என்று கேட்டார் மகாராஜா.

"முந்நூற்று எண்பது மகாராஜா," என்றாள் அவள். "இந்தத் தடவை உண்மையாகவே போய்விட்டு வந்திருக்கிறார். அதனால்தான் கொஞ்சம் தாமதம்."