எட்டு ஆகாத கடை

கோயம்புத்தூரில் ஆன்லைனில் கிரைண்டர் விற்கும் நாச்சிமுத்துவுக்கு ராசி எண் இரண்டு. எட்டு மட்டும் ஆகவே ஆகாது. எட்டாம் தேதி செக்கில் கையெழுத்துகூடப் போட மாட்டார்.

கடையின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தெய்வானை பொறுப்பு. ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"தீபாவளிக்குள்ள கடைக்குப் புது சாஃப்ட்வேர் போட்டாகணும். முடியலைன்னா வேலைக்கு வர வேண்டாம்."

"போட்டுடலாங்க. ஆனா அதை எழுதியிருக்கிற பி.எச்.பி.ங்கிற கம்ப்யூட்டர் மொழியில நம்மகிட்ட இருக்கிறது பழைய வெர்ஷனுங்க. அதுல புதுசு ஓடாது. எட்டுக்கு மாத்தணும்."

"எட்டா? இப்ப இருக்கிறது 5.6. கூட்டினா பதினொண்ணு, அதையும் கூட்டினா ரெண்டு. என் ராசி அம்மிணி அது. அதைத் தொடாமப் போடு."

தெய்வானை ஒரு தாளில் 8.3 என்று எழுதி நீட்டினாள்.

"நான் போடப்போறது இதுங்க. நீங்களே கூட்டிப் பாருங்க."

முதலாளி விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. "பதினொண்ணு, ரெண்டு. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

மூன்றாம் நாள் புது சாஃப்ட்வேர் ஓடியது. தீபாவளி ஆர்டர் குவிந்தது. பண்டிகை முடிந்ததும் தெய்வானை எட்டு நாள் லீவு கேட்டாள்.

"எட்டு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க. அப்ப பதினொண்ணாப் போட்டுக் குடுங்க. கூட்டினா ரெண்டுதானுங்க."