வயல் எலியின் பின் அறை

அந்தக் காலத்தில், எலி வாய் திறந்து கடன் கேட்கவும் பெருச்சாளி வாய் திறந்து வட்டி சொல்லவும் முடிந்த காலத்தில், வயல் எலிகளுக்குச் சேர்த்து வைக்கும் பழக்கமே கிடையாது. கிடைத்ததை அன்றே தின்னும். கிடைக்காத நாளில் கரைமேட்டில் பெரிய வளை கட்டி வாழ்ந்த பெருச்சாளியாரின் வாசலில் போய் நிற்கும்.

அந்த ஊர் வரப்பில் வளையன் என்றொரு எலி இருந்தான். அவன் பெண்டாட்டி பெயர் செம்பாளை. ஓர் அடைமழையில் வயல் மூழ்கிப்போக, குட்டி ஈன்று கிடந்த செம்பாளைக்காக வளையன் நெல் கேட்டுப் போனான். பெருச்சாளியார் உடனே தரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்தடித்தார். நெல் கைக்கு வந்தபோது செம்பாளைக்குப் பால் வற்றி, அந்த ஈற்றுக் குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியது.

வட்டி குட்டி போடும் என்பார்கள். எலியைவிட வேகமாகவே போட்டது. தினமும் சாயங்காலம், வளையன் தன் வாயில் ஒரு நெல்மணி படுவதற்கு முன்னால், ஒரு வாய்க் கதிரைக் கொண்டுபோய்ப் பெருச்சாளியார் வாசலில் வைத்தாக வேண்டும். வெயிலோ காய்ச்சலோ, வைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சியதுதான் இவர்களுக்குச் சோறு. அந்தக் காலத்து எலிகளுக்கு ஆயுசு அதிகம். கடனை அடைத்து முடிக்க வேண்டுமே.

ஒரு குறுவை அறுப்பில் கடன் அடைந்தது.

"தீந்துச்சுடா வளையா. நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் பெருச்சாளியார். கொட்டாவி விட்டுக்கொண்டே, "மழை வருதுல்ல, எங்க போயிடப் போற? திரும்ப இங்கதான வரணும்" என்றும் சொன்னார்.

வளையன் வீட்டுக்கு நடந்தான். சந்தோஷம் வரும் என்று எத்தனையோ வருஷம் நினைத்திருந்தான். வந்தது வெறும் அசதிதான். வந்ததும் படுத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் கதிரைக் கவ்விக்கொண்டு பாதி வரப்பு போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது, இனி யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று. கால் பழக்கத்தில் நடந்திருக்கிறது. பிறகு கதிரோடு திரும்பினான்.

வீட்டில் செம்பாளை மறுபடி நிறைவயிறாக இருந்தாள். கதிரைத் தன் முன்னால் வைப்பான் என்று காத்திருந்தாள். அவன் நேரே வளையின் பின்பக்கம் போய், மேட்டுப் பக்கமாகத் தோண்ட ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"பெருச்சாளியாருக்கு ஒரு அறை."

"கடன்தான் தீந்துபோச்சே?"

"தீந்துச்சு. இந்த ஒரு வாய்க் கதிரு இல்லாமத்தான இத்தனை நாளும் பொழச்சோம். இன்னமும் அப்படியே இருந்துக்குவோம் புள்ள."

செம்பாளைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "கடன் இருந்தப்பவும் அரை வயிறு, தீந்த பொறவும் அரை வயிறா? வயித்துல புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒரு நாளாவது நான் நிறையத் தின்னக் கூடாதா?"

அவள் கேட்டது நியாயம்தான்.

"என் பங்குலேருந்து வேணுங்கறத எடுத்துக்க. இத மட்டும் தொடாத" என்றான் வளையன். "நம்மளதுன்னு நெனச்சா ரெண்டே நாள்ல தின்னு தீத்துடுவோம். அவரோடதுன்னே வச்சுக்குவோம். அவரு பொருளத் தொடுற தைரியம் நமக்கு என்னிக்கு இருந்துச்சு?"

கதிரை உள்ளே தள்ளி, ஈர மண்ணைக் குழைத்து அறை வாயை அடைத்தான். அன்று செம்பாளை அவனோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அவன் தினமும் சாயங்காலம் அப்படியே ஒரு வாய்க் கதிரை வைத்து அடைத்துவந்தான். சில நாள் கழித்து, செம்பாளை தானாகவே ஒரு கதிரைக் கொண்டுவந்து மண்ணைக் கிளறி உள்ளே வைத்து மூடினாள். வளையன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

ஐப்பசி வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வயலில் ஒரு மணி கிடையாது. அந்த மழையில்தான் செம்பாளை குட்டி ஈன்றாள். பெருச்சாளியார் தன் வாசலில் வந்து உட்கார்ந்து வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டிகள் பாலுக்குக் கத்தின. வளையன் எழுந்துபோய்ப் பின் அறையின் மண் கதவுக்கு முன்னால் நின்றான். வாலைச் சுருட்டிக்கொண்டான். பெருச்சாளியார் வாசலில் நின்ற பழக்கத்தில் தலை தானாகக் குனிந்தது.

"அய்யா, புள்ள பெத்தவ இருக்கா. கொஞ்சம் நெல்லு..."

யோசித்துச் சொல்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. வட்டி எவ்வளவு என்றும் சொல்லவில்லை.

"தள்ளுங்க" என்றாள் செம்பாளை. ஊர்ந்து வந்து மூக்கால் மண்ணை இடித்தாள். கதிர்கள் அவள்மேல் சரிந்தன. அப்படியே படுத்தபடி தின்றாள், குட்டிகள் மடியைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டன. வளையனுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குத் தெம்பில்லை. குட்டிகள் பால் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண் அசந்தான்.

அன்று முதல்தான் வயல் எலி, வயிறு நிறைந்த பிறகும் ஒரு வாய்க் கதிரை இழுத்துப்போய் வளைக்குள் வைத்து மண்ணால் அடைக்கிறது. பேராசை பிடித்தது என்று அதை வையாதீர்கள். இன்னொருவர் வாசலில் போய் நிற்க அதற்கு இனித் தெம்பில்லை.